இறக்கத்துக்கு எந்த டிஸ்க் பிரேக்?

பெரம்பலூரிலிருந்து மேற்கே லாடபுரம் வரை சைக்கிளில் போக பிரேக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சாலை சமதளம், சாதாரண ரப்பர் பிரேக் கட்டையே போதும். அதற்கு அப்பால் பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இது பெரம்பலூர், திருச்சி, சேலம் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அரியலூர்க்காரர்களுக்குச் சொந்த மலை கிடையாது. அங்கே இருக்கும் பெரிய பள்ளங்களெல்லாம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள்தான். இறக்கம் வேண்டுமென்றால் அவர்களும் பச்சைமலைக்கு வர வேண்டும், அல்லது இன்னும் மேற்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குப் போக வேண்டும்.

வெளிநாடுகளில் இருப்பதுபோல் சைக்கிளையும் ஆளையும் கேபிள் காரில் மேலே ஏற்றிவிடும் டவுன்ஹில் பூங்காக்கள் நம் பக்கம் இல்லை. நமக்கு இருப்பவை இரண்டு. ஒன்று, துறையூர் பக்கம் சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் மலைச்சாலை போன்ற தார்ச்சாலை இறக்கங்கள். மற்றொன்று, மலைக்கிராமங்களை இணைக்கும் கல்லும் மண்ணுமான பாதைகள். இரண்டாவது வகையில் பல காப்புக்காட்டுக்குள் போகின்றன. வனத்துறையிடம் அனுமதி வாங்காமல் அங்கே சைக்கிளை இறக்காதீர்கள்.

கல் பாதைதான் பிரேக்குக்குக் கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். சூட்டைப் பொறுத்தவரை தார்ச்சாலையே மோசம். கல் பாதையில் வேகம் குறைவு. பிரேக்கை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்போம். தார்ச்சாலையில் வேகம் ஏறிக்கொண்டே இருக்கும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து, டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. எனவே "நான் ரோட்டில்தானே இறங்கப்போகிறேன்" என்பவரும் இந்த அத்தியாயத்தை முழுக்கப் படிக்க வேண்டும்.

சூட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

நீங்கள், சைக்கிள், தண்ணீர்ப் பை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 490 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போய்த் தீர வேண்டும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி, டிஸ்க் எனப்படும் இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளில் சூடாக இறங்கும். மொத்தமும் சூடாக மாறினால் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்.

இந்தச் சூடு இரண்டு விதமாகக் காலை வாரும்.

டிஸ்க்கைக் கவ்வும் பேட் அளவுக்கு மீறிச் சூடானால், கையால் அழுத்தும் லீவர் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகி, லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில்பார் வரை வந்துவிடும். இரண்டாவது அதிக ஆபத்து. முதலாவதில் பிடி படிப்படியாகக் குறைவதைக் கையால் உணரலாம். இரண்டாவது ஒரே வளைவில் வரும்.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1976 அக்டோபரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் நிற்கும் ஹப் பிரேக்தான் அவர்களிடம் இருந்தது. கீழே வந்து சேரும்போது ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து போயிருக்கும். அடுத்த முறை இறங்குவதற்கு முன் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்ததே அதனால்தான். மலைச்சைக்கிள் விளையாட்டு பிரேக் சூட்டோடுதான் பிறந்தது.

வாங்கும் வரிசை

கடையில் முதலில் காட்டுவது பேட்கள் உட்காரும் பளபளக்கும் காலிபரும் லீவரும்தான். அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கீழே உள்ள வரிசையிலேயே போனால் பணம் மிஞ்சும்.

1. உங்கள் சைக்கிள் என்ன தாங்கும் என்று பாருங்கள்.

முன் ஃபோர்க் தயாரிப்பாளர் எத்தனை மில்லிமீட்டர் டிஸ்க் வரை அனுமதிக்கிறார் என்பது ஃபோர்க்கின் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் போகவே கூடாது. பெரிய டிஸ்க் ஃபோர்க்கின் கால்களை முறுக்கும். மலிவான ஃபோர்க் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பின்பக்க ஃபிரேமுக்கும் இதே விதி.

பிறகு ஹப். டிஸ்க் 6 போல்ட்டில் நிற்கிறதா, நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக்கா என்று பாருங்கள். அடுத்து காலிபர் உட்காரும் இடம். போல்ட் துளைகள் சக்கரத்தின் பக்கவாட்டில் குறுக்காக இருந்தால் ஐஎஸ் மவுண்ட். சைக்கிள் ஓடும் திசையைப் பார்த்தபடி இருந்தால் போஸ்ட் மவுண்ட். இந்த மூன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாயால் சொன்னால் தவறான அடாப்டரோடுதான் திரும்புவீர்கள்.

டிஸ்க் மாட்ட இடமே இல்லாத சைக்கிளில் வெல்டிங் வைத்து இடம் உண்டாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பள்ளியில் கொடுக்கும் விலையில்லா சைக்கிளில் மலையேறலாம். அதிலேயே இறங்க நினைக்க வேண்டாம்.

2. டிஸ்க் அளவை முடிவு செய்யுங்கள்.

செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிக பலன் தருவது இதுதான். நம்மூர்க் கடைகளில் விற்கும் 'டிஸ்க் பிரேக்' கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் 160 மில்லிமீட்டர் டிஸ்க்தான் இருக்கும். சமவெளிக்கு அது தாராளம். அதை 180 ஆக்கினால், லீவரில் அதே அழுத்தத்துக்கு நிறுத்தும் விசை எட்டில் ஒரு பங்கு கூடும். 203 ஆக்கினால் கால் பங்குக்கு மேல் கூடும். விசையைவிட முக்கியம், பெரிய தகட்டில் உலோகம் அதிகம், காற்றுப் படும் பரப்பும் அதிகம். அது மெதுவாகச் சூடேறி விரைவாக ஆறும்.

பச்சைமலைக்கு என் கணக்கு இது. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோவுக்குள் என்றால் முன்னால் 180, பின்னால் 160 போதும். 80 முதல் 100 வரை முன்னால் 203, பின்னால் 180. நூறைத் தாண்டினால் இரண்டிலும் 203. ஃபோர்க் 180க்கு மேல் தாங்காது, நீங்களோ கனமானவர் என்றால் முதலில் மாற்ற வேண்டியது ஃபோர்க்தான்.

பிரேக் பிடித்தால் எடை முன்சக்கரத்துக்கு நகரும், பின்சக்கரம் லேசாகும். ஆகவே உண்மையில் நிறுத்துவது முன்பிரேக். கையில் பணம் குறைவென்றால் முன்னால் நல்லதைப் போடுங்கள், பின்னால் இருப்பது இருக்கட்டும். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம். முன்பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற பயம் சிறுவயதிலேயே நமக்குள் ஏறிவிட்டது.

டிஸ்க் தடிமனையும் கேளுங்கள். ஷிமானோ டிஸ்க் 1.8 மில்லிமீட்டர், மகுரா 2 மில்லிமீட்டர், டிஆர்பியின் டவுன்ஹில் வகை 2.3 மில்லிமீட்டர். ஒரு கம்பெனியின் காலிபரில் இன்னொன்றின் தடித்த டிஸ்க்கை நுழைத்தால் உரசிக்கொண்டே ஓடும். அதுபோல ஸ்ராம் 200 என்று விற்கும், ஷிமானோ 203 என்று விற்கும். 3 மில்லிமீட்டர்தானே என்று அடாப்டரைக் கலந்து போட்டால், பேட் டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டி நிற்கும் அல்லது டிஸ்க்கின் ஆரங்களில் போய் இடிக்கும்.

3. கேபிளா, ஹைட்ராலிக்கா?

கேபிள் டிஸ்க்கின் பெருமை, எந்தச் சைக்கிள் கடையிலும் அதைச் சரிசெய்யலாம் என்பது. பிரேக் ஒயர் அறுந்தால் துறையூரில் கிடைக்கும். ஆனால் பேட் தேயத் தேய நீங்கள்தான் ஒயரை இழுத்துக் கட்ட வேண்டும். நீண்ட இறக்கத்தில் விரல் களைத்துப்போகும். மலிவான கேபிள் காலிபரில் ஒரு பக்கப் பேட் மட்டுமே நகர்ந்து, டிஸ்க்கை வளைத்து மறு பக்கப் பேட்டில் போய் மோதும். அவிட் பிபி7 போன்ற நல்ல கேபிள் காலிபரில் இரு பேட்டையும் தனித்தனியே நெருக்கி வைக்கலாம். ஏற்கெனவே அது இருந்தால் பெரிய டிஸ்க்கோடு மிதமான இறக்கத்துக்குப் பயன்படுத்துங்கள். புதிதாக வாங்குபவருக்கு ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்தான். இதில் பேச்சுக்கே இடமில்லை.

4. எந்த ஆயில்?

ஹைட்ராலிக்கில் இரண்டு குலம். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ, டிஆர்பி ஆகியவை மினரல் ஆயில். ஹோப், ஸ்ராமின் கோட் ஆகியவை டாட் ஆயில். ஸ்ராமிலேயே டிபி8, 2024இல் வந்த மேவன் இரண்டும் மினரலுக்கு மாறிவிட்டன. ஆகவே பெயரை வைத்து முடிவுகட்டாமல் லீவரின் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

டாட் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அது 155 ஆகிவிடுகிறது. டாட் 5.1க்கு இந்த எண்கள் 260, 180. ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றியே தீர வேண்டும். பெயின்ட் மேல் பட்டால் உரித்துவிடும், தோலுக்கும் ஆகாது. மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. எப்படியாவது தண்ணீர் புகுந்துவிட்டால் மட்டும் அது தனியே அடியில், காலிபர் பக்கம் தங்கி, 100 டிகிரியிலேயே ஆவியாகும்.

நான் மினரல் பக்கம். காரணம் வேதியியல் அல்ல. நம் மாவட்டங்களில் டாட் ஆயில் எல்லா டூவீலர் கடையிலும் கிடைக்கும், சைக்கிள் பிரேக்கில் காற்றெடுக்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. வருடாவருடம் திருச்சிக்குக் கொண்டுபோக முடியாதவருக்கு, கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டாலும் பொறுத்துக்கொள்ளும் ஆயில்தான் நல்லது.

> எச்சரிக்கை: மினரல் பிரேக்கில் டூவீலர் மெக்கானிக் டாட் ஆயில் ஊற்றிவிட்டால் உள்ளே ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். டாட் பிரேக்கில் மினரல் ஊற்றினாலும் அதே கதி. கழுவிச் சரிசெய்ய முடியாது. முழு பிரேக்கும் போச்சு. கடையில் விட்டுவிட்டு வருவதாக இருந்தால் லீவரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 'மினரல் ஆயில் மட்டும்' என்று எழுதுங்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை, 5.1 அல்ல, அதை இரண்டிலும் ஊற்றக் கூடாது.

5. இரண்டு பிஸ்டனா, நான்கா?

நான்கு பிஸ்டன் காலிபரில் பேட் நீளமாக இருக்கும். பிடி கூடும், சூடும் பெரிய பேட்டில் பரவும். இறக்கமே குறி என்றால் முன்னால் நான்கு பிஸ்டன் போடுங்கள். ஷிமானோவில் டியோர் எம்6120 நான்கு பிஸ்டன். அதே டியோரில் எம்6100 இரண்டு பிஸ்டன். பெட்டியில் ஒரு எண்தான் வித்தியாசம், பார்த்து வாங்குங்கள். அதற்கு மேல் எஸ்எல்எக்ஸ் எம்7120, டவுன்ஹில்லுக்கென்றே வந்த செயின்ட் எம்820, மகுரா எம்டி5, ஸ்ராம் டிபி8 எல்லாம் இந்த வேலைக்கு உரியவை. பச்சைமலைக்கு எம்6120 அளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்கு எடைக் குறைவும் லீவரின் நயமும்தான் கிடைக்கும்.

ஏற்கெனவே எம்டி200 போன்ற தொடக்கநிலை ஹைட்ராலிக் உங்கள் சைக்கிளில் இருந்தால் உடனே தூக்கிப்போட வேண்டாம். முன்னால் 180 டிஸ்க், புதுப் பேட், காற்றில்லாத ஆயில் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

6. பேட்.

ரெசின் பேட் சத்தமில்லாமல் உடனே பிடிக்கும். மழையில் விரைவில் தேயும், அதிகச் சூட்டில் சோரும். மெட்டல் பேட் கொஞ்சம் சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும், சத்தம் போடும், நீடித்து உழைக்கும், சூடு தாங்கும். நீண்ட இறக்கத்துக்கு முன்னால் மெட்டல் சரி.

மலிவு டிஸ்க்குகளில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அதில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க்கைத் தின்றுவிடும். பேட் மாற்றுவதற்கு முன் டிஸ்க்கைத் துடைத்து இந்த எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். பாதிப் பேர் பார்ப்பதே இல்லை.

7. உதிரி கிடைக்குமா?

பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இதுக்குப் பேட் இப்பவே ரெண்டு செட் தர்றீங்களா?" 'வரவழைச்சுத் தர்றேன்' என்று பதில் வந்தால் வேறு பிரேக் பாருங்கள். பேட் வடிவம் காலிபருக்குக் காலிபர் மாறும். ஒன்றின் பேட் மற்றொன்றில் உட்காராது. வெளிநாட்டு இதழ்களில் முதலிடம் பெற்ற பிரேக்கைவிட, திருச்சியில் பேட் கிடைக்கும் பிரேக் உங்களுக்கு நல்ல பிரேக்.

பொருத்துதல்

தேவையானவை: 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, டி25 நட்சத்திர ஸ்குரூடிரைவர், டார்க் ரெஞ்ச், ஐசோபுரோபைல் ஆல்கஹால், புதிய காட்டன் துணி, வெள்ளைத் தாள். சமையலறைத் துணி வேண்டாம். எண்ணெய்ப் பசை கொஞ்சம் பட்டாலும் பேட் பாழ்.

1. டிஸ்க்கை ஆல்கஹாலால் இரு பக்கமும் துடையுங்கள். அதன்பின் விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படக் கூடாது. டிஸ்க் மீது பொறித்த அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும்.

2. 6 போல்ட்டையும் கையால் திருகிய பிறகு எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஷிமானோ போல்ட்டுக்கு 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், ஸ்ராமுக்கு 6.2. சென்டர்லாக் வளையத்துக்கு 40. 'கை அளவு' இங்கே செல்லாது. போல்ட் அறுந்தால் ஹப்பே வீண்.

3. காலிபரை இரண்டு போல்ட்டில் தளர்வாக மாட்டுங்கள், பக்கவாட்டில் அசைய வேண்டும். சக்கரத்தைச் சுற்றி, லீவரை அழுத்திப் பிடியுங்கள். பேட்கள் டிஸ்க்கைக் கவ்வும்போது காலிபர் தானே நடுவுக்கு வரும். லீவரை விடாமல் இரு போல்ட்டையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் காலிபர் திரும்பிக்கொள்ளும். ஷிமானோவுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். மற்றவற்றுக்கு அவரவர் கையேடு.

4. இப்போது காலிபருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, முன்னாலிருந்து இடுக்கைப் பாருங்கள். டிஸ்க்கின் இரு பக்கமும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். ஒரு பக்கம் கோடு மறைந்தால் அந்தப் பக்கப் பேட் டிஸ்க்கில் ஒட்டி நிற்கிறது. சக்கரத்தைச் சுற்றும்போது கோடு விரிந்து சுருங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. காலிபரைத் தள்ளிச் சரிசெய்ய முயலாதீர்கள். டிஸ்க்கைத்தான் நிமிர்த்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

5. லீவரை உள்ளே தள்ளி, ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் லீவரின் நுனியில் உட்காருமாறு வையுங்கள். மற்ற விரல்கள் ஹேண்டிலைப் பிடிப்பதற்கு.

6. எந்தக் கை முன்பிரேக் என்று பாருங்கள். மோட்டார் பைக் ஓட்டும் பழக்கத்தில் நமக்கு வலக்கைதான் முன்பிரேக். சில இறக்குமதிச் சைக்கிள்களில் அது இடக்கையில் வரும். சரிவில் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல இது.

சக்கரத்தைக் கழற்றி வேனிலோ பஸ்ஸின் மேலேயோ ஏற்றினால், பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டைச் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் மடித்த அட்டையாவது போதும். டிஸ்க் இல்லாமல் யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். சக்கரம் திரும்ப உள்ளே நுழையாது.

பேட்டைப் பழக்குதல்

புது பேட் முதல் நாள் பாதிகூடப் பிடிக்காது. பேட்டிலிருந்து ஒரு மெல்லிய படிவு டிஸ்க் மேல் சீராக ஏறிய பிறகுதான் முழுப் பிடி வரும். வெறிச்சோடிய சமதளச் சாலையில் செய்யுங்கள்.

1. மிதமான வேகம் எடுத்து, பிரேக்கை உறுதியாகப் பிடித்து நடை வேகத்துக்குக் குறையுங்கள். முழுதாக நிற்கவோ சக்கரம் பூட்டவோ விடாதீர்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் இப்படி 20 முறை.

2. வேகத்தைக் கூட்டி இன்னும் 10 முறை.

3. டிஸ்க்கைத் தானாக ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இதைச் செய்யாமல் நேரே மலைக்குப் போனால் பேட் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து இறுகிவிடும். பிறகு உப்புத்தாளில் தேய்த்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் இறக்கம்

முழு மலையையும் முதல் நாளே இறங்காதீர்கள். கடைசி இரண்டு மூன்று வளைவு வரை ஏறி, அங்கிருந்து இறங்கிப் பாருங்கள். முகம் மூடிய ஹெல்மெட், முழுக் கையுறை இரண்டும் கட்டாயம்.

வளைவுக்கு முன்னால் நிமிர்ந்து, நேர்க்கோட்டில் இருக்கும்போதே பலமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் விட்டுவிடுங்கள். இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் டிஸ்க்கைச் சுடும். பயந்தவர்கள் எல்லாரும் செய்வது அது. சிறிய இடைவெளி விட்டுப் பலமாகப் பிடித்தால் நடுவில் காற்று டிஸ்க்கை ஆற்றும்.

அறுவடைக் காலத்தில் பெரம்பலூர் பக்கச் சாலைகளில் மக்காச்சோளமும் தட்டையும் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் முன்பிரேக் பிடித்தால் விழுவது உறுதி. தூரத்தில் பார்க்கும்போதே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, நேராக உருண்டு கடந்துவிடுங்கள். மேலேறி வரும் மினிபஸ், வளைவில் படுத்திருக்கும் மாடு, குரங்குக் கூட்டம் மூன்றையும் எதிர்பார்த்தே இறங்குங்கள்.

நின்று கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

- லீவர் முன்பைவிட உள்ளே போகிறது. உடனே நிறுத்துங்கள். ஆறிய பிறகும் அப்படியே இருந்தால் தள்ளிக்கொண்டு இறங்குங்கள்.
- கருகிய நாற்றம். பேட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. பத்து நிமிடமாவது நிற்கவும்.
- டிஸ்க்கில் நீலமும் ஊதாவும் கலந்த நிறம். ஒருமுறை வந்தால் மாறாது. டிஸ்க் உடனே வீணாகிவிடவில்லை. இந்த அளவு உங்கள் எடைக்குப் போதாது என்று அர்த்தம்.

இறங்கி நின்றதும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். விரல் வெந்துபோகும். சூடு தெரிய வேண்டுமானால் ஒரு சொட்டுத் தண்ணீரை விரல் நுனியிலிருந்து தெளியுங்கள், சுர்ரென்றால் போதும். பாட்டிலைக் கவிழ்த்தால் டிஸ்க் வளைந்துவிடும்.

சுண்ணாம்புத் தூசியும் மழையும்

அரியலூர்க்காரர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. சிமென்ட் ஆலை லாரிகள் ஓடும் சாலையில் தினமும் சைக்கிள் ஓட்டினால் காலிபருக்குள் வெள்ளைத் தூசி படியும். காய்ந்திருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது குழைந்து பேட்டையும் டிஸ்க்கையும் ஒருசேர அரைக்கும். மழைக்காலம் தொடங்குமுன் பேட்டைக் கழற்றி, காலிபர் உட்புறத்தை ஆல்கஹால் துணியால் துடையுங்கள். சைக்கிளைக் கழுவும்போது அதிவேக நீர்ப்பீச்சியை ஹப்பிலும் காலிபரிலும் காட்டாதீர்கள். சங்கிலிக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கைத் துணியால் மூடுங்கள். எண்ணெய் குடித்த பேட்டை அடுப்பில் வாட்டிப் பிழைக்க வைப்பதாகச் சிலர் சொல்வார்கள். இறக்கத்துக்கு அதை நம்ப வேண்டாம். புதுசு போடுங்கள்.

மாதம் ஒருமுறை அளவெடுங்கள். ஷிமானோ பேட்டில் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டர் ஆனால் மாற்ற வேண்டும். ஸ்ராமில் பின்தகடும் சேர்த்து 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். ஷிமானோ டிஸ்க் 1.5 மில்லிமீட்டர் வரை தேயலாம், அதற்குக் கீழே ஓட்டக் கூடாது. ஒரு வெர்னியர் காலிபர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் மதிப்பிடுபவர்கள் எப்போதும் தாமதமாகத்தான் மாற்றுகிறார்கள்.

மலையடிவாரத்தில் லாடபுரத்திலோ மலையாளப்பட்டியிலோ சைக்கிள் டிஸ்க் பேட் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். மலைக்குப் போகும் பையில் ஒரு ஜோடி புதுப் பேட், 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, டி25 மூன்றும் எப்போதும் இருக்கட்டும்.